முயலுக்கு வயிறு சரியில்லை

எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. சமையலறை அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால், டிவிக்கு மேல், கம்பளி வைக்கிற டிரங்குப் பெட்டிக்குள் என்று எங்கே கைவிட்டாலும் ஒரு தீப்பெட்டி அகப்படும். அடுப்புக்கு லைட்டர் வாங்கி வருஷக்கணக்காகிறது. பீடி சிகரெட் பிடிக்கிற ஆளும் வீட்டில் கிடையாது. அத்தனையும் என் மாமனார் வாங்கிச் சேர்த்தவை.

விஷயம் வேறொன்றுமில்லை. அவருக்குக் கக்கூஸ் போக வேண்டும். வீட்டிலேயே கக்கூஸ் இருக்கிறது. ஆனால் அது சமையலறைச் சுவரை ஒட்டி, தகரக் கதவோடு இருக்கிறது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் தோசை திருப்புகிறவளுக்குக் கேட்கும். மருமகள் அடுப்படியில் நிற்கும்போது அதற்குள் எப்படி நுழைவது? அதனால் விடிந்தும் விடியாமலும் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வந்துர்றேன் தாயி" என்று கதவு நிலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஒன்றும் தெரியாத மூடுபனியில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, அங்கே காசு கொடுத்துப் போகிற கழிப்பறைக்குப் போய்விட்டு வருவார். கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினால் நான் என்ன நினைப்பேனோ என்று, வருகிற வழியில் ஒரு தீப்பெட்டி. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டுத்தான் வாசலில் கால் வைப்பார். மனிதர் அவ்வளவு நாணயம்.

எனக்கு இந்தக் கூச்சமெல்லாம் பழக்கமில்லை. நான் மலையடிவாரத்து அய்யம்பாளையத்துக்காரி. எங்கள் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் பெண்கள் துணியை அடித்துத் துவைத்துக்கொண்டே, யார் வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, யார் மாமியாருக்கு மூன்று நாளாகப் போகவில்லை என்று இக்கரைக்கும் அக்கரைக்கும் கத்திப் பேசிக்கொள்வார்கள். என் அப்பாவிடம் காலையில் காப்பியை நீட்டும்போதே அம்மா கேட்கும் கேள்வி, "வயிறு சுத்தமாச்சா?" என்பதுதான். அதற்கு அவர் விவரமாகப் பதில் சொல்வார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து மலையேறி வந்து இந்த மனிதருக்கு மருமகளானேன்.

அவருடைய கூச்சத்தால் எனக்கு வந்த அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. கீழ்வீட்டு அக்கா ஒருநாள் குழாயடியில் என்னை நிறுத்தி, "ஏம்மா, பெரியவரு தெனமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போறாரே, ஒங்க வீட்ல அடைப்பு கிடைப்பா?" என்று கேட்டாள். இல்லையே என்றேன். "இல்ல, நாலு பேரு ஒரு மாதிரி பேசுறாங்க. மருமக உள்ள விடமாட்டேங்குறான்னு." எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கொடைக்கானல் மாதிரி சின்ன ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அது ஏழு ரோட்டையும் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வரும். நான் வேலை பார்க்கிற சாக்லெட் கடை முதலாளியம்மா வரைக்கும் அது போயிருந்தது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் குதித்தேன். அவர் டாக்ஸி ஓட்டுகிறவர், எதற்கும் அவசரப்படமாட்டார். "எங்கம்மா உசுரோட இருந்தப்பயே அப்பா அப்பிடித்தான். நீ பாட்டுக்கு இரு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

மாமனார் ஒரு பங்களாவில் சமையல்காரராக இருந்து ஓய்ந்தவர். கை மணம் என்றால் அவர் கைதான். பங்களாவில் அறைக்கு ஒரு குளியலறை, வெந்நீர்க் குழாய், பளிங்குத் தரை என்று எல்லாம் உண்டாம். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் அதில் போனதில்லை. பின்னால் இருந்த யூக்கலிப்டஸ் தோப்புதான் அவருக்கு. யாராவது சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவி ஏப்பம் விட்டால் சமைத்தவருக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். வயிறு என்ற சொல்லையே அவர் என் எதிரில் சொன்னதில்லை. வலித்தால், "ஒடம்பு ஒரு மாதிரி கெடக்கு" என்பார். கல்யாணப் பந்தியில் மொச்சையும் உருளைக்கிழங்கும் வந்தால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அவற்றைத் தின்றுவிட்டு நாலு பேர் நடுவில் உட்கார வேண்டுமே என்ற பயம். தன் உள்ளாடைகளைத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார். இந்த ஊரில் வெயிலில் போட்டாலே துணி காய இரண்டு நாளாகும், துண்டுக்கு அடியில் போட்டால் எப்படிக் காயும்? ஈரத்தோடுதான் உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறார் என்று எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

ஒருமுறை எல்லோரும் பழனிக்குப் போனோம். பாதி மலை இறங்கியதும் மாமா எழுந்துபோய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். பஸ் நின்றது. எங்களைப் பார்த்து, "இங்க நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. பாத்துட்டுப் பின்னாடி வண்டில வந்துர்றேன், நீங்க போங்க" என்று இறங்கிவிட்டார். சுற்றிலும் காடு. ஆள் என்ன, மாடுகூட இல்லை. ரோட்டோரத் தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு மட்டும் உட்கார்ந்திருந்தது. "அந்தக் கொரங்கத்தான் பாக்கப் போறாரு போல" என்று யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அடிவாரத்தில் காத்திருந்தோம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். யாரும் கேட்காமலே, "நல்லா இருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

முயல் வந்தது என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. மன்னவனூர் பக்கம் டூரிஸ்ட்காரர்களைக் கூட்டிப்போன என் வீட்டுக்காரர், அங்கே ஒரு வீட்டில் முயல் வளர்க்கிறார்கள் என்று ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளை நிறம், காதில் மட்டும் கொஞ்சம் சாம்பல். தாயிடமிருந்து பிரித்து அதிக நாளாகியிருக்காது. மகள் அதற்குப் போண்டா என்று பெயர் வைத்தாள். மாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. சமைத்துத் தின்கிற சாமானின் பெயரை உயிருள்ளதுக்கு வைக்கலாமா என்று மகளிடம் கேட்டார். அவள் கேட்கவில்லை. அதனால் அவர் "ஏலே" என்றே அதைக் கூப்பிட்டார்.

பேரிக்காய்ப் பெட்டியில் பலகை மாற்றி அவர்தான் அதற்கு வீடு செய்தார். குளிருக்கு அடியில் சாக்கு விரித்தார். காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பும்போது தீப்பெட்டியோடு ஒரு கட்டு காரட்டுத் தழையும் வர ஆரம்பித்தது. லாரியில் ஏற்றக் காரட்டைக் கழுவுகிற இடத்தில் தழையைச் சும்மாவே அள்ளிக்கொள்ளலாம். பனியும் தண்ணீரும் சொட்டச் சொட்ட அதைக் கொண்டுவந்து போடுவார். குட்டி அதை வாயில் இழுத்துக்கொள்கிற அழகைக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மனிதர் முகம் வெளுத்து எழுந்து வந்தார். என்ன மாமா என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். அன்றிலிருந்து முயல் பெட்டிக்கு முன்னால் பழைய வேட்டித் துணி ஒன்று திரையாகத் தொங்கியது. காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முயல் விடிகாலையில் தன் புழுக்கையில் ஒரு வகையைத் தானே வாய் வைத்துத் தின்னும். அது அதன் சுபாவம், தின்னாவிட்டால்தான் அதற்குச் சத்துக் குறையும். மாமா அதைப் பார்த்துவிட்டார். முயலுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை, முயலுக்காக இவர் வெட்கப்பட்டார். பேத்தி பார்த்துவிடக்கூடாதே என்று திரை போட்டார்.

அந்தத் திரைதான் எல்லாவற்றையும் மறைத்தது. குட்டிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தபோது அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளனே எழுந்து அவரே எல்லாவற்றையும் துடைத்து, சாக்கை அலசிப் போட்டு, குட்டியின் பின்பக்கத்தை வெந்நீரில் கழுவித் துண்டால் ஒற்றி எடுத்துவிடுவார். நாங்கள் எழுந்து பார்க்கும்போது முயல் சுத்தமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். குளிருக்கு ஒடுங்கியிருக்கிறது என்று நினைத்தோம். வீட்டில் ஒரு ஜீவனுக்குப் பேதி என்று மருமகளிடமும் பேத்தியிடமும் எப்படி வாய்விட்டுச் சொல்வது? அவரால் முடியவில்லை.

கண்டுபிடித்தது என் மகள். பள்ளிக்கூடம் கிளம்புமுன் போண்டாவைத் தூக்கி முத்தம் கொடுத்தவள், "அம்மா, போண்டா வாயில ரசம் வாசம் அடிக்குது" என்றாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன். பூண்டு. குட்டியின் முதுகெலும்பு விரலில் குத்தியது. வயிறு மட்டும் காற்றடைத்த மாதிரி உப்பியிருந்தது. கண்ணைப் பாதி மூடியபடி கிடந்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். சாக்கில் சளி மாதிரி இருந்தது.

"மாமா, முயலுக்குப் பேதியா? எப்பருந்து?" என்று அங்கிருந்தே கத்தினேன்.

"லேசா ஒரு மாதிரி இருந்துச்சு. சரியாப் போயிரும்" என்றார். அவர் கையில் அம்மி கழுவின ஈரம் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. இந்த மலையில் குழந்தைக்கு வயிற்றில் பூச்சி என்றால் முதலில் தேடுவது மலைப்பூண்டைத்தான். தட்டிச் சாறெடுத்துப் புகட்டுவார்கள். பிள்ளைக்குக் கொடுக்கிறதுதானே என்று அவர் முயலுக்கும் புகட்டியிருக்கிறார்.

மகள் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள். "சாயந்தரம் நான் வரும்போது அது இருக்குமாம்மா?" என்று படியில் நின்று கேட்டாள். இருக்கும் என்று சொன்னேன், எனக்கு நம்பிக்கை இல்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, குட்டியைக் கூடையில் வைத்து, மாமாவையும் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். "கொஞ்சம் எடுத்து வச்சுக்கோங்க மாமா, டாக்டரு பாக்கணும்பாங்க" என்றேன். எதை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து, உள்ளே பிளாஸ்டிக் தாள் வைத்து, அதில் எடுத்துக்கொண்டார். அதன்மேல் பேப்பர், பேப்பர்மேல் கைக்குட்டை, எல்லாவற்றையும் ஒரு துணிப்பைக்குள் போட்டு, பையை மடக்கிய குடைக்குள் செருகிக்கொண்டார். திருட்டு நகை கொண்டுபோகிறவர்கூட அப்படி ஒளித்துவைக்க மாட்டார்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். மதுரைப் பக்கத்துக்காரர், ஜெர்க்கினுக்கு மேல் கோட்டு போட்டிருந்தார். பெண் டாக்டர் என்று பார்த்ததுமே மாமா ஒரு அடி பின்னால் போய்விட்டார். வாசலில் அடுக்கம் கிராமத்திலிருந்து ஆடு கொண்டுவந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று பேர் கன்றுக்குட்டியோடு நின்றார்கள். எல்லோருக்கும் எல்லாம் கேட்கிற ஒரே அறை.

டாக்டர் குட்டியின் தோலைத் தூக்கி விட்டுப் பார்த்தார். தூக்கின இடத்தில் தோல் அப்படியே நின்றது. "ஒடம்புல தண்ணியே இல்ல. எப்பருந்து கழியுது?"

"இன்னிக்குத்தாங்க பாத்தோம்" என்றேன்.

"இது இன்னிக்கு ஆரம்பிச்சது இல்லயே" என்று என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரில் ஒட்டியிருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாம்பிள் இருக்கிறதா என்று கேட்டபோது குடை திறந்தது, பை வந்தது, கைக்குட்டை, பேப்பர், கடைசியில் தீப்பெட்டி. டாக்டர் அதைப் பட்டென்று திறந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடித் துண்டில் கொஞ்சம் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "புழு இல்லங்க. அதவிடச் சின்னது. காக்சிடியான்னு ஒரு ஒட்டுண்ணி, கொடல்ல உக்காந்துக்கும். பெரிய முயலு தாங்கிரும், குட்டிய வெரசா சாய்ச்சிரும்" என்றார். பிறகு குட்டியின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஈறு வெளுத்திருக்கு. ரத்தம் போச்சா? எவ்வளவு? வேற ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா? எது, எத்தன நாளு? அது தெரியாம நான் பாட்டுக்கு மருந்து போட்டா தப்பாயிரும்."

பூண்டு கொடுத்தார் என்பது வரைக்கும் நான் சொன்னேன். எவ்வளவு, எப்போது என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்துகொண்டு வந்தது. "மாமா, பேதில ரத்தம் போச்சா இல்லயா? கேக்குறாங்கல்ல, வாயத் தொறந்து சொல்லுங்க" என்று என் ஊர்க் குரலில் கத்திவிட்டேன். கன்றுக்குட்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குல்லாய்க்கு வெளியே தெரிந்த அவர் காது மடல் இரண்டும் சிவந்துபோயின.

வாசலில் இருந்த ஆட்டுக்காரம்மா, "இதுல என்ன வெக்கம் பெரியவரே, என் ஆட்டுக்கு ஒரு பொழுது புழுக்க போடலேன்னா நான் ஊரக் கூட்டிருவேன்" என்றாள். அதைக் கேட்டு அவர் இன்னும் குறுகினார்.

டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "ஐயா, நீங்க சொல்லலேன்னா இது சாயந்தரம் வரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

மாமா குல்லாயைக் கழற்றினார். பனியிலும் மழையிலும் தலையிலிருந்து இறங்காத குல்லாய் அது. மேசை ஓரத்தில் குனிந்து, முகத்தைக் குட்டியின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"ஏலே போண்டா" என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். "ஒனக்கு வெள்ளிக்கெழம வெள்ளனே ஆரம்பிச்சதுல்ல. மொதல்ல கூழு மாதிரி போன. நான் தொடச்சுவிட்டேன். மறுநாளு வெள்ளையா, சளியாட்டம். ஞாயித்துக்கெழமயிலருந்து தண்ணிதான். நேத்து மட்டும் செவப்பா ஒரு இழ தெரிஞ்சுச்சு. அம்புட்டுத்தான், பெறகு இல்ல. பூச்சின்னு நெனச்சுப் பூண்டுச் சாறு ஊத்துனேன். காலையில ஒரு பல்லு, சாயந்தரம் ஒரு பல்லு, நேத்தும் முந்தாநேத்தும். இன்னிக்குக் காலையில பாதி. நீ வேணாம் வேணாம்னு தலயத் திருப்புன. நாந்தான் வாயப் புடிச்சு ஊத்துனேன்."

அந்த டாக்டர் பெண்ணுக்கு நல்ல மனசு. அவரும் மாமாவை நிமிர்ந்து பார்க்காமல், குட்டியையே பார்த்து, "சரிடா, தீனி என்ன தின்ன?" என்று கேட்டார்.

"காரட்டுத் தழதான். ஈரத்தோட. காயவிடாமப் போட்டேன்" என்று மாமா குட்டியின் காதிலேயே பதில் சொன்னார்.

எனக்கு எங்காவது போய் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மனிதர் இப்படியா கூசுவார் என்று அத்தனை வருஷம் அவருக்காக வெட்கப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு என் தொண்டையை நினைத்து வெட்கப்பட்டேன். நாலு பேர் நடுவில் ஒரு வயசாளியை அப்படி உலுக்கியிருக்க வேண்டாம். ஆனால் உலுக்காமல் விட்டிருந்தால் பேசியிருப்பாரா என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஊசி போட்டு, தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றி, புகட்டுவதற்கு ஒரு மருந்தும் எழுதினார் டாக்டர். பூண்டு மனுஷருக்கு நல்லதுதான், முயலுக்கு ரத்தத்தைக் கெடுக்கும், இனி காட்டவே கூடாது என்றார். ஈரத் தழை வேண்டாம், காய்ந்த புல் போடுங்கள், சாக்கை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடியுங்கள், பெட்டியைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயவையுங்கள் என்றார். "நல்ல வேளையா தெனமும் சுத்தம் பண்ணிருக்கீங்க. இந்தக் கிருமி வெளிய வந்து ஈரத்துல ஒரு நாளு ரெண்டு நாளு கெடந்தாத்தான் மறுபடி உள்ள போயி ஒட்டும். கெடக்க விட்டிருந்தா உசுரு முந்தியே போயிருக்கும்" என்றார். ஆக, அவருடைய கூச்சம்தான் குட்டியை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது, அதே கூச்சம்தான் அதுவரைக்கும் உயிரோடும் வைத்திருந்தது. இதில் அவரை வைவதா, கும்பிடுவதா?

சாயங்காலம் மகள் வரும்போது முயல் இருந்தது. மறுநாளும் இருந்தது. தினமும் காலையில் எப்படிப் போகிறது என்று போனில் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் மாமாவிடம் கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். அடுப்படியில் நான் தோசை ஊற்றுகிற நேரத்துக்கு அவர் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முயலிடம் பேசுவார். "இன்னிக்குத் தண்ணி இல்ல, கூழுதான்" என்பார். இன்னொரு நாள், "ரெண்டு உருண்ட போட்டிருக்கியே, கெட்டிக்காரன்" என்பார். எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சத்தம் இருக்கும். நான் கை கழுவிவிட்டு டாக்டருக்குப் போன் போடுவேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "முயலு வேற என்ன சொல்லுச்சு?" என்பார்.

குட்டி தேறிவிட்டது. ஈறு சிவந்தது, ரோமம் மினுங்கியது, புல்லைப் பறித்துக்கொண்டு ஓடுகிற அளவுக்குத் திமிர் வந்தது. இனிப் போன் பண்ண வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மறுநாள் நல்ல மழை. என் வீட்டுக்காரர் வண்டியோடு போயிருந்தார், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டாயிற்று. நான் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருந்தேன். மாமா முயலைத் தூக்கிக்கொண்டு வந்து, சமையலறை வாசலுக்கு வெளியே மனைப்பலகையில் உட்கார்ந்தார். முயலின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். முயலுக்குத்தான் எல்லாம் சரியாகிவிட்டதே, இனிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒனக்குச் சொகமாயிருச்சுடா" என்றார். அப்புறம் தொண்டையைச் செருமினார். "ஒனக்கு ஒரே ஒரு நாளு. செவப்பா ஒரு இழதான். எனக்குக் கார்த்திகையிலருந்து போகுது. தெனமும் போகுது. நேத்து ரொம்ப. பஸ் ஸ்டாண்டுலயே கண்ண இருட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்."

அப்போது பங்குனி.

கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். திரும்பிப் பார்க்க வேண்டும், ஐயோ மாமா என்று அலற வேண்டும் போல இருந்தது. திரும்பினால் அவர் வாய் மூடிக்கொள்ளும், பிறகு இந்த ஜென்மத்தில் திறக்காது என்றும் தெரிந்தது. அடுப்பை அணைத்தேன். சுவரைப் பார்த்தபடியே, எனக்கே என் குரல் இல்லை போல மெதுவாகப் பேசினேன்.

"போண்டா, இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்னு மாமாட்டச் சொல்லு. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன்னு சொல்லு."

அவர் எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"டாக்டரு கேப்பாருல்ல" என்றார் முயலிடம். "அங்க ஒன்னயும் தூக்கிட்டு வரலாமான்னு தாயிட்டக் கேளு."

"வரலாம்" என்றேன்.